சுமையோடு எழும் வண்டி

உ
கணபதி, கோவை
6.6.1994

மைதீன் பாய்க்கு,

தம்பிதுரை எழுதுகிறேன். உறை மேலிருந்த கையெழுத்திலேயே தெரிந்திருக்கும். கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்துவிட்டீர்கள் என்றால் மீதியையும் படித்துவிடுங்கள். எஸ்.டி.டி. பூத்திலிருந்து இரண்டு தடவை உங்கள் ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டேன். என் பெயரைச் சொன்னதும் இரண்டு தடவையும் லைன் போய்விட்டது. அது தானாகப் போகவில்லை என்று எனக்கும் தெரியும்.

நான்கு வருஷம் ஆகிறது. வளர்த்தாமல் விஷயத்துக்கு வருகிறேன்.

காரமடைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே எக்ஸ்ரே எடுக்கிற ஜாஹிதா என்ற அம்மணி போன மாதம் ஒரு காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு நம் பட்டறைக்கு வந்தார். (நம் பட்டறை என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தவில்லை.) பாண்டிச்சேரியில் இருந்த ஒரு பிரெஞ்சு வாத்தியார், ஊருக்குத் திரும்பும்போது ஆஸ்பத்திரிக்குத் தானமாகக் கொடுத்துவிட்டுப் போன நீளமான கார். சர்வீஸ் புத்தகத்தைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் உங்கள் கையெழுத்து. அப்புறம்தான் உங்களைத் தேடினேன்.

மலை ஊர்களில் காசநோய் அதிகம். அவர்களைக் கீழே வரச் சொன்னால் வருவதில்லை, அதனால் மெஷினை மேலே கொண்டுபோகிறார்கள். ஜீப்பில் கொண்டுபோய் இரண்டு தடவை அதற்குள் இருக்கிற கண்ணாடிக் குழாய் உடைந்துவிட்டது. குழாய் போனால் மெஷின் வெறும் இரும்பு. புதுசு வர ஆறு மாதம். "இன்னொருக்கா ஒடைஞ்சா கேம்பையே நிறுத்திப்போடுவாங்கங்ணா. இந்தக் காருல குலுக்கலே இல்லைங்கறாங்க. இதுல ஏத்தற மாதிரி செஞ்சு குடுங்க" என்கிறார் அந்த அம்மணி.

பேட்டரியை மாற்றி ஸ்டார்ட் செய்து பார்த்தேன். மாடு எழுவதுபோல முதலில் பின்பக்கம் எழுகிறது, அப்புறம் முன்பக்கம். லீவரைத் தள்ளினால் தரையோடு படுக்கிறது. இரண்டு பேரே மெஷினை உருட்டி உள்ளே ஏற்றிவிடலாம். ஆனால் ஏற்றினபிறகு பின்பக்கம் எழவில்லை. மெஷின், ஜெனரேட்டர், ஈயத் தட்டி, பிலிம் கழுவுகிற தொட்டி எல்லாம் சேர்ந்து ஐந்நூற்று இருபது கிலோ. ஆள் மூன்று பேர் தனி. பாதி எழுந்து நின்றுவிடுகிறது.

என்ன செய்யலாம் என்று ஒரு வரி எழுதுங்கள். எனக்காக இல்லை.

தம்பிதுரை


786
பாண்டிச்சேரி
15.6.1994

திரு. தம்பிதுரை அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது.

அந்தக் காரை மூன்று வருடம் நான்தான் பார்த்தேன். ஐந்து பேரும் அவர்கள் பெட்டிகளும் போவதற்குச் செய்த கார் அது. பழுது எதுவும் இல்லை. உங்கள் சுமைதான் அதிகம். பம்பு எவ்வளவு அழுத்தம் கொடுக்குமோ அவ்வளவும் கொடுத்துவிட்டு நிற்கிறது. அதனால்தான் பாதியில் நிற்கிறது.

அதைச் சுமை வண்டி ஆக்க வேண்டாம். வேறு வண்டி பார்க்கச் சொல்லுங்கள்.

எண்ணெய் குறைந்தால் அந்தக் காருக்கென்றே வருகிற பச்சை எண்ணெய் மட்டும் ஊற்றவும். கடையில் கிடைக்கிற பிரேக் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கிற ரப்பர் எல்லாம் ஊறிக் கெட்டுவிடும்.

எனக்காக இல்லை என்று எழுதியிருந்தீர்கள். நல்லது. எனக்காக நீங்கள் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை. நான் உங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று. வால்வு நட்டில், யாராவது திருகினால் தெரியட்டும் என்று நான் வைத்த சிவப்புப் பெயிண்ட் கோடு எப்படி விலகியது என்று. அத்தனை பேர் முன்னால் கேட்டேன். பதில் வரவில்லை.

மைதீன் பிச்சை


உ
கணபதி
22.6.1994

பாய்,

திரு. தம்பிதுரையா? இருபது வருஷம் ஒரே லேத்தில் நின்றவர்கள் நாம். சரி, இருக்கட்டும்.

வேறு வண்டி பார்க்கச் சொன்னீர்கள். பார்த்தாயிற்று. வேனில் வைத்து வெள்ளியங்காடு வரைக்கும் ஓட்டிப் பார்த்தோம். ஜாஹிதா அம்மணி மெஷின் மேல் கையை வைத்துக்கொண்டே வந்தார். திரும்பி வந்ததும், "இதைவிடத் தலையில சொமந்துட்டுப் போயர்லாமுங்க" என்றார். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஒருதடவை மாசாணம் என்று ஒரு பெண் மலையிலிருந்து ஒன்பது மைல் நடந்து படம் எடுக்க வந்திருக்கிறாள். அன்றைக்குக் குழாய் உடைந்து கிடந்தது. திருப்பி அனுப்பினார்களாம். அடுத்த தடவை கேம்புக்கு மேலே போனபோது அவள் உயிரோடு இல்லை. ஒன்பது மைல் நடந்து வந்தவளைத் திருப்பி அனுப்பினது நான்தான் என்று அந்த அம்மணி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆஸ்பத்திரிக் கமிட்டித் தலைவர் வெங்கடபதி கார் வேண்டாம், விற்றுவிடலாம் என்கிறார். செப்டம்பர் பதினைந்துக்குள் சுமையோடு மலை ஏறிக் காட்டினால் வைத்துக்கொள்வோம் என்று அவரிடம் ஜாஹிதா ஒப்புதல் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். நானும் ஏற்றிக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆகவே செய்துதான் ஆகவேண்டும்.

நீங்கள் சொல்லாவிட்டால் என்ன, எனக்கும் கொஞ்சம் தெரியும். பம்புப் பக்கத்தில் இருக்கிற, அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டரைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஒரு ஸ்பிரிங். அதற்குப் பின்னால் இரண்டு மில்லி வாஷர் வைத்தால் நூற்றி எழுபதில் நிற்கிற அழுத்தம் இருநூறைத் தாண்டும். வண்டி எழுந்துவிடும். வாஷர் கடைந்து வைத்துவிட்டேன். அடுத்த வாரம் மாட்டப்போகிறேன்.

நட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அன்னூரில் நாம் செய்து கொடுத்த டிப்பர் விஷயத்தை இதில் கொண்டுவர வேண்டாம். ஓஸ் வெடித்தது. எண்ணெய் போகிற அந்த ஓஸ் நீங்கள் மாட்டியது. அதற்குமேல் என்னத்தைச் சொல்ல.

தம்பிதுரை


786
பாண்டிச்சேரி
27.6.1994
பதிவுத் தபால்

தம்பிதுரைக்கு,

வாஷரை மாட்டாதீர்கள். மாட்டியிருந்தால் இதைப் படித்து முடிப்பதற்குமுன் போய்க் கழற்றுங்கள். நேற்று மூன்று தடவை போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அதனால்தான் பதிவுத் தபால்.

அந்த வண்டியில் பிரேக்குக்கென்று தனி எண்ணெய் கிடையாது. வண்டியைத் தூக்குகிற அதே எண்ணெய், அதே அழுத்தம்தான் பிரேக்கையும் பிடிக்கிறது. ஸ்டியரிங்கும் அதில்தான். நீங்கள் இருநூறுக்கு ஏற்றினால், நூற்றி எழுபதுக்குச் செய்த பதினைந்து வருடப் பழைய குழாய்களில் ஏதாவது ஒன்று விடும். பட்டறையில் விடாது. மலையிலிருந்து சுமையோடு இறங்கும்போது, வளைவில் பிரேக்கை மிதிக்கும்போது விடும். உள்ளே அந்த அம்மாவும் இருப்பார்.

தூக்க முடியவில்லை என்றால் அழுத்தத்தைக் கூட்டக் கூடாது. அழுத்தம் வேலை செய்கிற இடத்தைக் கூட்டவேண்டும். பின்சக்கரம் இரண்டுக்கும் உள்ள சிலிண்டரின் உள்விட்டம் முப்பத்தைந்து மில்லி. அதை நாற்பது ஆக்குங்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், அதே அழுத்தத்தில் நூற்றுக்கு முப்பது பங்கு அதிகமாகத் தூக்கும். பம்பைத் தொடவேண்டாம். பிரேக்கைத் தொடவேண்டாம்.

சிலிண்டர், பிஸ்டன் இரண்டுக்கும் வரைபடம் இத்துடன் வைத்திருக்கிறேன். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் மயிரிழை போகிற இடம்கூட இருக்கக் கூடாது. ரப்பரை நம்பாமல் இரும்பே இரும்போடு ஒட்டி எண்ணெயைத் தடுக்கிற அமைப்பு. உள்பக்கத்தைத் தேய்த்து வழுவழுப்பாக்குகிற ஹோனிங்குக்கு வேறு எங்கும் கொடுக்காமல், பீளமேட்டில் டீசல் பம்பு வேலை செய்கிறவர்களிடம் கொடுங்கள். பின்சக்கரத்தைப் பிடித்திருக்கிற இரும்புக் கைக்கு எட்டு மில்லி தகடு வைத்துப் பற்றவைக்கவும். டயர் வேன் டயர்.

வரைபடத்துக்கு எந்த நிபந்தனையும் போடவில்லை. போடலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். மலைமேல் இருக்கிறவர்கள் எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

ஆனால் ஒன்று எழுதாமல் இருக்க முடியவில்லை. டிப்பரிலும் தூக்கவில்லை என்றதும் அழுத்தத்தைத்தான் கூட்டினீர்கள். ஓஸ் நான் மாட்டியதுதான். எந்த அழுத்தத்துக்கு மாட்டினேனோ அதற்கு அது தாங்கியது.

மைதீன் பிச்சை


உ
கணபதி
21.7.1994

மைதீன் பாய்க்கு,

வாஷரை மாட்டவில்லை. உங்கள் தபால் வந்த அன்று கையில் எடுத்திருந்தேன். தபால்காரரிடம் கையெழுத்துப் போடுவதற்காகக் கீழே வைத்தேன். அப்புறம் எடுக்கவில்லை.

சிலிண்டர் முடிந்தது. முதல் ஜோடி வீண். ஹோனிங் சரியாக வந்தும், பிஸ்டனை உறுதியாக்கச் சூடு பண்ணும்போது நான் அவசரப்பட்டதில் வளைந்துவிட்டது. இரண்டாவது ஜோடிக்குப் பதினோரு நாள் பிடித்தது. பிஸ்டனை எண்ணெய் தடவி உள்ளே விட்டு மேலே விரலால் மூடினேன். கீழே விழாமல் அந்தரத்தில் நின்றது. பட்டறையில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். நீங்கள் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. எழுதக் கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

ஐந்நூற்று இருபது கிலோவுக்கு மணல் மூட்டை ஏற்றி ஸ்டார்ட் செய்தோம். எழுந்தது பாய்! சொன்னபடி நூற்றி எழுபதுக்குள்ளேயே, முழு உயரத்துக்கு. ஜாஹிதா அம்மணி கை தட்டிவிட்டார்.

அதற்கப்புறம்தான் அடி. மெஷின் வைக்கிற மரப்பெட்டிக்குள் ஆறு டியூப் லைட்டைக் கட்டிவைத்துத் தொண்டாமுத்தூர் ரோட்டில் ஓட்டினோம். குழாய்க்குப் பதில் டியூப் லைட். இது அந்த அம்மணியின் யோசனை. திரும்பி வந்து பெட்டியைத் திறந்தால் நாலு தூள். வண்டி எழுகிறது, ஆனால் மிதக்கவில்லை. கட்டை வண்டி மாதிரி அடிக்கிறது. வெங்கடபதிக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். விலைக்கு ஆள் கூட்டி வந்து காரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்.

இனி எழுதவேண்டியதை எழுதுகிறேன். மூன்று தாளைக் கிழித்துவிட்டு இது நாலாவது.

அன்றைக்கு அன்னூரில் கல் லோடு. டிப்பர் தூக்கவில்லை. தோட்டத்துக்காரர் நின்றுகொண்டு, "ஏனுங்க, இதுக்குத்தான் இத்தனை பெரிய மெஷினுங்களா?" என்று சிரித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. நீங்கள் டீ குடிக்கப் போயிருந்தீர்கள். அழுத்தம் கூடட்டும் என்று ஸ்பேனரை எடுத்து அந்த நட்டை ஒன்றரைச் சுற்று இறுக்கினேன். டிப்பர் தூக்கியது. எல்லோரும் பார்த்தார்கள். தோட்டத்தில் வேலை செய்த அரங்கசாமி அடியில் புகுந்து சிந்திய கல்லை எடுத்துக்கொண்டிருந்தான். நான் பார்க்கவில்லை. ஓஸ் வெடித்தது. டிப்பர் இறங்கியது.

நீங்கள் ஓடிவந்து முதலில் அரங்கசாமியை இழுத்தீர்கள். அப்புறம் நட்டைப் பார்த்தீர்கள். அதற்கப்புறம் என்னைப் பார்த்தீர்கள். "ஓஸ் கனெக்‌ஷன் மைதீன் பாய் செஞ்சதுங்க" என்று என் வாய் சொல்லிவிட்டது. ஒருதடவை சொன்னபிறகு மறுபடி மறுபடி சொல்லவேண்டி வந்தது. ஊர் நம்பியது. அரங்கசாமிக்கு முழங்காலுக்குக் கீழே கால் போனது. உங்களுக்கு ஊர் போனது.

நான்தான் இறுக்கினேன். இவ்வளவுதான் எழுதவேண்டியது. நாலு வருஷம் ஆகியிருக்கிறது இதற்கு.

தம்பிதுரை


786
பாண்டிச்சேரி
29.7.1994

தம்பிதுரைக்கு,

உங்கள் கடிதத்தை வீட்டில் படிக்கவில்லை. கடற்கரைக்கு எடுத்துப்போய்ப் படித்தேன். சந்தோஷம் வரும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். கோபம்தான் வந்தது. நான் கோட்டைமேட்டிலிருந்து சாமான் ஏற்றிய அன்று என் மாமனார் என்னிடம் என்ன கேட்டார் தெரியுமா? "நெசமாவே உன் வேலைல தப்பு இல்லையா மைதீன்?" என்று கேட்டார். என் வீட்டு மனிதரே. அதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஒரு பெயிண்ட் கோடு மட்டும்தான் இருந்தது.

எனக்கு எழுதியாயிற்று. எனக்குத்தான் முன்பே தெரியுமே. தெரியாதவன் அன்னூரில் இருக்கிறான். அவனிடம் சொல்லாமல் என்னிடம் மட்டும் சொல்வது சுலபம். நான் இருநூறு மைலுக்கு மேல் தள்ளி இருக்கிறேன்.

இனி வண்டி.

டியூப் உடைந்ததற்குக் காரணம் என் பிசகு. தூக்குவதை மட்டும் எழுதினேன், தாங்குவதை எழுத மறந்துவிட்டேன். அந்த வண்டிக்கு ஸ்பிரிங் என்பது ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே இருக்கிற இரும்பு உருண்டைக்குள் அடைத்த நைட்ரஜன்தான். சக்கரம் மேட்டில் ஏறும்போது எண்ணெய் அந்த வாயுவைத் தள்ளும், வாயு சுருங்கிக் கொடுக்கும். நீங்கள் சுமையைக் கூட்டிவிட்டீர்கள். அதே வாயு ஏற்கனவே நசுங்கிக் கிடக்கிறது. மேலே சுருங்க இடமில்லை. அதனால் கல்லாகிவிட்டது.

பின்பக்கம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு உருண்டை வேண்டும். ஒன்றோடு ஒன்று குழாயில் சேர்த்து. இங்கே கழித்துப்போட்ட கார் ஒன்றிலிருந்து நல்ல உருண்டை இரண்டு எடுத்து, ரப்பர் பார்த்து, காந்திபுரம் பஸ்ஸில் பார்சல் போட்டிருக்கிறேன். இணைக்கும் குழாயைக் குறுகலாக வைக்க வேண்டாம், எண்ணெய் திணறும்.

வாயுவை நாற்பது அழுத்தத்துக்கு நிரப்புங்கள். நைட்ரஜன் மட்டும். வெல்டிங் பக்கத்தில் இருக்கிறதே என்று ஆக்சிஜனைத் தொட்டால் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். உங்கள் அவசரம் எனக்குத் தெரியும் என்பதால் இரண்டு தடவை எழுதுகிறேன். நைட்ரஜன் மட்டும்.

மைதீன் பிச்சை


உ
கணபதி
20.8.1994

மைதீன் பாய்க்கு,

பார்சல் வந்தது. நைட்ரஜன்தான். சிலிண்டர் மேல் எழுதியிருப்பதை ஜாஹிதா அம்மணியையும் படிக்கவைத்துவிட்டுத்தான் திறந்தேன்.

உருண்டையை மாட்டுவதற்கு முன்னால் அன்னூர் போய்வந்தேன். வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு வசதியாக எழுதிவிடுவேன்.

அரங்கசாமி இப்போது மோட்டார் காயில் கட்டுகிறான். உட்கார்ந்தே செய்கிற வேலை. ரோட்டோரம் சின்னக் கடை. என்னைப் பார்த்ததும் "வாங்கண்ணா, உக்காருங்க" என்று ஸ்டூலைத் தள்ளினான். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். நட்டை நான் இறுக்கினேன், பாய் மேல் பழியைப் போட்டேன் என்று. கையிலிருந்த செம்புக் கம்பியை அவன் சுற்றிக்கொண்டே இருந்தான். சுற்றி முடித்து, முனையை வெட்டி, கீழே வைத்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தான்.

"நாலு வருசமா அந்த மனுசனைத் திட்டிட்டு இருக்கறனுங்க. காலு வலிக்கறப்ப எல்லாம் திட்டுவேன். அந்த வசவையெல்லாம் இப்ப எங்க கொண்டுபோய்க் கொட்டறதுங்க?"

"என் மேல கொட்டு" என்றேன்.

"உங்க மேல கொட்டறதுக்கு இனிப் புதுசாத்தானுங்க ஆரம்பிக்கோணும்" என்றான். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுளுவாக இருந்திருக்கும்.

கிளம்பும்போது கூப்பிட்டான். "ஏனுங்க, எங்கிட்ட மட்டும் சொன்னாப் பத்தாதுங்க. அன்னைக்கு எத்தனை பேர் முன்னால பாய் பேரைச் சொன்னீங்களோ, அத்தனை பேர் முன்னாலயும் சொல்லுங்க. நானும் வாரேன்."

ஞாயிற்றுக்கிழமை அதே தோட்டத்தில் ஆட்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். அரங்கசாமி கட்டைக் காலோடு முன்னால் நின்றான். தோட்டத்துக்காரர் தலையைக் குனிந்துகொண்டார், அவர் சிரித்தது அவருக்கும் நினைவு வந்திருக்கும். டிராக்டர் வைத்திருக்கிற இரண்டு பேர் அன்றைக்கே தங்கள் வேலையை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். எடுக்கட்டும். நான் அவர்களாக இருந்தால் எடுத்திருப்பேன். பழனாத்தாள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "எங்கிட்டயுமா மறைச்சீங்க" என்பதுதான் அவளுக்கு. கட்டிய பெண்சாதி, கேட்கத்தானே செய்வாள்.

அப்புறம் வந்து உருண்டையை மாட்டினேன். முழுச் சுமை, ஆறு டியூப் லைட், அதே தொண்டாமுத்தூர் ரோடு. பெட்டியைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை, அம்மணிதான் திறந்தார். ஆறும் முழுசாக இருந்தன. ஒன்றை எடுத்துப் பட்டறை விளக்கில் மாட்டிச் சுவிட்சைப் போட்டார். எரிந்தது.

இன்னும் மலை பாக்கி.

தம்பிதுரை


786
பாண்டிச்சேரி
28.8.1994

தம்பிதுரைக்கு,

உங்கள் கடிதத்துக்கு முன்பே அரங்கசாமியின் கார்டு வந்துவிட்டது. இரண்டு வரி. "பாய், தெரியாமல் திட்டிவிட்டேன். கோவைப் பக்கம் வந்தால் அன்னூர் வரவும்." அதை மாமனாரிடம் படித்துக் காட்டச் சொல்லி சமீராவிடம் கொடுத்தேன். அவருக்குக் காது மந்தம். என் மனைவி மூன்று வீடு கேட்கிற மாதிரி இரண்டு தடவை படித்தாள்.

நீங்கள் செய்ததைப் பற்றி இப்போது எதுவும் எழுத வரவில்லை. வரும்போது எழுதுகிறேன்.

மலைக்கு முன் செய்யவேண்டியவை. உயரத்தைப் பார்த்துக்கொள்கிற வால்வின் கம்பி, சுமையோடு நிற்கும்போதுதான் சரிசெய்யப்பட வேண்டும், வெறும் வண்டியில் வைத்தால் பொய் சொல்லும். லீவரை உயர்ந்த நிலையில் வைத்து வேகமாக ஓட்டக் கூடாது, குழி தாண்டுவதற்கு மட்டும்தான் அது. இறங்கும்போது இரண்டாவது கியர், பிரேக்கை நம்பி வராதீர்கள். சுமை கூடியிருக்கிறது, பிரேக் கூடவில்லை. எஞ்சினை நிறுத்தினபிறகு அடியில் யாரும் கை நீட்டக் கூடாது. அது மெல்லப் படுத்துவிடும்.

அடியில் யாராவது இருக்கிறார்களா என்று ஒவ்வொரு தடவையும் குனிந்து பாருங்கள்.

மைதீன் பிச்சை


உ
கணபதி
19.9.1994

மைதீன் பாய்க்கு,

வியாழக்கிழமை பதினைந்தாம் தேதி மலை ஏறினோம். வெங்கடபதி வைத்த கடைசி நாள் அதுதான். அவரும் வந்தார், பின்னால் ஜீப்பில்.

ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்த்தேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

ஏழாவது வளைவில் மழைத் தண்ணீர் ரோட்டை அரித்திருந்தது. கெண்டைக்கால் ஆழம். லீவரை உயர்த்தினேன். சுமையோடு எழுந்தது, ஒரு சாண் உயர்ந்து, அரித்த இடத்தைத் தாண்டியது. ஜீப் அங்கேயே சேற்றில் சிக்கி நின்றுவிட்டது. வெங்கடபதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்து வந்து, நம் வண்டியில் ஏறிக்கொண்டார். ஏறினதும் வண்டி கொஞ்சம் தாழ்ந்து மறுபடி நிமிர்ந்தது. "நானுங்கூட இதுக்குப் பாரமில்லையாட்ட இருக்குது!" என்றார். காரை விற்கிற பேச்சு அத்தோடு நின்றது.

மேலே சாமானை இறக்கி, ஜெனரேட்டரைப் போட்டு, ஜாஹிதா அம்மணி குழாயைச் சோதித்தார். முழுசாக இருந்தது. படம் தெளிவாக விழுகிறதா என்று பார்க்க யாராவது ஒருவர் முதலில் நிற்கவேண்டும். ஊர்க்காரர்கள் தயங்கினார்கள். "அண்ணா, நீங்க வந்து நில்லுங்க, பார்த்தா அவங்களுக்குப் பயம் தெளியும்" என்றார். சட்டையைக் கழற்றிவிட்டு நின்றேன். மூச்சைப் பிடிக்கச் சொன்னார், பிடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் வரிசை கட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் நாற்பத்தொரு பேர்.

நாற்பத்தொரு படத்தில் ஆறு பேருக்கு நெஞ்சில் நோய் தெரிந்தது. ஏழாவது என்னுடையது.

வலதுபக்கம் மேலே, ரூபாய்க் காசு அளவு. மூன்று மாதமாக இருமல் இருந்தது, கிரைண்டிங் தூசி என்று விட்டுவிட்டேன். மறுநாள் சளியையும் சோதித்தார்கள். காசநோய்தான். பயப்பட ஒன்றுமில்லை, ஆரம்பத்திலேயே பிடித்தாயிற்று, ஆறு மாதம் மாத்திரை ஒருநாள்கூட விடாமல் சாப்பிட்டால் போய்விடும் என்று டாக்டர் சொல்கிறார். இரண்டு மாதத்துக்குப் பட்டறையும் கூடாது, மலையும் கூடாது. பழனாத்தாள் அழுதாள். அப்புறம் மாத்திரைப் பெட்டியைத் தன் வசம் வைத்துக்கொண்டாள்.

ஆனால் கேம்ப் நிற்காது. இனி வாராவாரம் வியாழக்கிழமை. மேலே இன்னும் பத்து ஊர் பாக்கி இருக்கிறது, அடைமழை வருவதற்குள் பாதியாவது முடித்தாகவேண்டும். காரை ஓட்ட ஆள் கிடைக்கும். அது வழியில் படுத்துவிட்டால் எழுப்புகிற ஆள் கோயம்புத்தூரில் நான் ஒருத்தன்தான். நானே படுத்துவிட்டேன்.

உங்களை வரச்சொல்லிக் கேட்கிற தகுதி எனக்குக் கிடையாது. அதனால் ஜாஹிதா அம்மணியைக் கேட்டு எழுதச் சொன்னேன். அவர், "உங்க வாயால பழி சொன்னீங்க, உங்க கையால கேளுங்க" என்றுவிட்டார். ஆகவே கேட்கிறேன். வாங்க பாய். நோய் தீரும் வரைக்கும் நான் பட்டறைப் பக்கம் வரமாட்டேன். சாவி உங்களிடம் இருக்கட்டும்.

தம்பிதுரை


786
பாண்டிச்சேரி
24.9.1994

மாப்பிள்ளைக்கு,

ஓனரிடம் இரண்டு மாத லீவு கேட்டேன். முகத்தைச் சுளித்தார். வேறு ஆள் வைத்துக்கொள்வேன் என்றார். வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். சொன்னபிறகுதான் சமீராவிடம் கேட்கவில்லையே என்று நினைவு வந்தது. அவள் ஏற்கனவே பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

உங்களை மன்னித்துவிட்டேனா என்று எனக்குத் தெரியவில்லை. அது வரும், வராமலும் போகும். வேலை வியாழக்கிழமை வந்துவிடும். முதலில் அதைப் பார்ப்போம்.

மாத்திரையை விடாதீர்கள். உடம்பு தேறிவிட்டது என்று இரண்டாவது மாதத்தில் நிறுத்திவிட்டுப் பட்டறைக்கு ஓடிவருகிற ஆள் நீங்கள். அதனால் தங்கச்சி பழனாத்தாளுக்குத் தனியாக ஒரு கார்டு எழுதியிருக்கிறேன். படிக்கக் கேட்காதீர்கள், காட்டமாட்டாள்.

புதன்கிழமை காலையில் காந்திபுரத்தில் இறங்குவேன். நீங்கள் வரவேண்டாம், படுத்திருங்கள். காரை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். மெஷின், ஜெனரேட்டர், தொட்டி எல்லாம் ஏற்றி, முழுச் சுமையோடு அனுப்பச் சொல்லுங்கள். வெறும் வண்டி எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும்.

மைதீன்